நூலகத்தில் தேடக் கற்பித்த கதை

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவர் ஒருவரை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். அவர் நீங்களாகவே இருக்கலாம். "கடலோர வயல்களில் மண் ஏன் உவர் ஆகிறது என்று ஒரு கட்டுரை எழுதி வா. நூலகத்தில் எல்லாம் இருக்கிறது" என்று பேராசிரியர் சொல்லி விடுகிறார். மாணவரும் நூலகத்துக்குப் போகிறார். அங்கே பல்லாயிரம் நூல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவருக்கு வேண்டிய செய்தியோ அவற்றுள் ஏதோ ஐந்தாறு நூல்களில், ஏதோ பத்துப் பதினைந்து பக்கங்களில் இருக்கிறது. அந்தப் பக்கங்களுக்கு அவர் எப்படிப் போய்ச் சேருவார்?

இதைப் பள்ளியில் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளியில் பாடநூல் ஒன்றே போதுமானதாக இருந்தது. கல்லூரியிலோ, இது முன்பே தெரிந்திருக்கும் என்று எண்ணி விடுகிறார்கள். ஆக, இருவருமே கற்பிக்காத பாடமாக இது நின்று விடுகிறது.

இந்தத் தொல்லை எனக்கு நேர்ந்ததுண்டு. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், மேலே சொன்ன உவர் மண் கட்டுரையைத்தான் எனக்கும் கொடுத்தார்கள். அகராதியைப் பார்த்து 'சலைன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தாளில் குறித்துக் கொண்டு போனேன். நூற்பட்டியல் அட்டைகள் இருந்த இழுப்பறையைத் திறந்து பார்த்தால் அந்தச் சொல்லில் தொடங்கும் தலைப்பே இல்லை. இதைப் பற்றி இங்கே நூலே இல்லை என்று முடிவு கட்டி, கடைத்தெருவில் விற்ற 'நோட்ஸ்' ஒன்றை வாங்கி, அதிலிருந்து இரண்டு பக்கம் பெயர்த்து எழுதிக் கொடுத்தேன். உண்மை பின்னர்தான் தெரிந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புப் பட்டியலை ஒட்டி அங்கே அட்டை எழுதியிருந்தார்கள். அப்பட்டியலில் உவர் மண்ணுக்குரிய தலைப்பு 'சாயில்ஸ், சால்ட்ஸ் இன்' என்பதாகும். 'மண்கள், அவற்றில் உள்ள உப்புகள்' என்று பொருள். நான் தேடிய அதே ஆங்கில எழுத்தில்தான், சில நூறு அட்டைகள் தள்ளி, அது இருந்திருக்கிறது!

என்னைப் போன்றவர்களுக்கு நூலகத்தில் தேடவும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் உலகில் தோன்றி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன் கல்லூரிகளில் நூலகங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றின் வேலை வேறாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் பாடம் நடந்த முறையைப் பாருங்கள். ஒரு பாடநூலை மாணவர் நெட்டுருச் செய்து வருவார். ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி ஒப்பிக்கச் சொல்வார். இதற்கு நூலகம் எதற்கு? எனவே நூல்களைப் பாதுகாப்பதே நூலகரின் கடமையாக இருந்தது. ஹார்வர்டில் 1856 முதல் 1877 வரை நூலகராக இருந்த ஜான் லாங்டன் சிப்லி என்பவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒரு நாள் அவர் மிக்க மகிழ்ச்சியுடன் நடந்து கொண்டிருந்தாராம். காரணம் கேட்டதற்கு, "எல்லா நூல்களும் நூலகத்துக்குள் வந்து சேர்ந்து விட்டன. ஒன்று மட்டும் பேராசிரியர் அகாசியிடம் இருக்கிறது, அதை வாங்கி வரத்தான் போகிறேன்" என்றாராம். கதை உண்மையோ, கட்டியதோ, அக்காலத்து மனநிலையை அது நன்றாகக் காட்டுகிறது. (சிப்லிக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அந்நூலகத்தைப் பன்மடங்கு பெருக்கியவரும் அவரே என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

இந்த நிலையில் மாறுதலுக்கான ஒரு முக்கியமான முயற்சி பேராசிரியரிடமிருந்து வரவில்லை, ஒரு மாணவரிடமிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர் பெயர் வில்லியம் ஃபிரெடரிக் பூல். யேல் கல்லூரியில் படித்துக் கொண்டே, அங்கிருந்த மாணவர் இலக்கியச் சங்கம் ஒன்றின் நூலகத்தில் வேலை பார்த்து வந்தார். அந்நாளில் இத்தகைய சங்கங்கள் தமக்கெனத் தனி நூலகங்கள் வைத்திருந்தன. சங்கத்தில் சொற்போர் நடக்கும். அடிமை முறை, வாணிப வரி, பிறநாட்டுப் போர் என்று ஏதாவது ஒரு பொருளில் பேச வேண்டிய மாணவர்கள் பூலிடம் வந்து, "இதைப் பற்றி எங்கே படிக்கலாம்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு வேண்டிய கட்டுரைகள் அங்கேயே இருந்தன. சுவரோரம் அடுக்கியிருந்த பழைய இதழ்த் தொகுதிகளுக்குள் புதைந்து கிடந்தன. எந்தத் தொகுதியில் எந்தப் பக்கம் என்று சொல்லத்தான் ஆளில்லை.

பூல் அத்தொகுதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, எந்தப் பொருள் பற்றிய கட்டுரை எங்கே இருக்கிறது என்று அகரவரிசையில் கைப்பட எழுதி வைத்தார். மாணவர்கள் அதை மொய்த்துக் கொண்டார்கள். 1848-ஆம் ஆண்டு, அவர் பட்டம் பெறுவதற்கு முன்பே, அது 154 பக்க நூலாக அச்சேறியது. 1853-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு 500 பக்கங்களைத் தாண்டியது. அதன் பின் இதழ்கள் பெருகிய வேகத்துக்கு ஒரு தனி மனிதரால் ஈடு கொடுக்க முடியவில்லை. ஏறத்தாழ 50 நூலகங்கள் ஆளுக்குச் சில இதழ்கள் என்று பகிர்ந்து கொண்டு, கூலி எதிர்பாராமல் உழைத்து, 1882-இல் பெரும் பதிப்பைக் கொண்டு வந்தன. 232 இதழ்களில் எண்பது ஆண்டுக் காலமாக வெளிவந்த கட்டுரைகளுக்கு ஒரே நூலில் வழிகாட்டி கிடைத்தது.

இன்று கணிப்பொறியில் ஒரு சொல்லைத் தட்டினால் கட்டுரைகள் வந்து நிற்கின்றனவே, அந்த வசதியின் முன்னோர்களில் இந்தப் பட்டியலும் ஒன்று. பூல் ஒரு நூலையும் புதிதாக வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இருந்த நூல்களுக்குள் வழி அமைத்தார், அவ்வளவே.

இதே காலத்தில் ஜெர்மனியில் வேறொரு மாற்றம் நிகழ்ந்து கொண்டிருந்தது. பெர்லின் பல்கலைக் கழகத்து வரலாற்றாசிரியர் லியோபோல்டு ஃபான் ராங்கே தம் மாணவர் சிலரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி, இடைக்காலத்து மூல ஆவணங்களைத் தாமே படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உண்மை எது என்று துணியச் செய்தார். 'செமினார்' என்று நாம் இன்று வழங்கும் முறைக்கு வரலாற்றுத் துறையில் வேர் இங்கேதான். இம்முறையை 1869-இல் மிச்சிகன் பல்கலைக் கழகத்துக்குக் கொண்டு சென்றவர் சார்லஸ் கெண்டால் ஆடம்ஸ். ஒப்பித்தல் போய், மாணவர் தாமே தேடிக் கண்டறியும் முறை வந்ததும், நூலகம் திடீரென்று கல்லூரியின் நடுவிடத்துக்கு வந்து விட்டது. வேதியியல் மாணவருக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ, வரலாற்று மாணவருக்கு நூலகம் அப்படி ஆயிற்று. ஆய்வுக்கூடத்தில் குழாயையும் தராசையும் கையாளக் கற்றுத் தருகிறோம். நூலகத்தில் மட்டும் ஏன் மாணவரைத் தனியே தவிக்க விட வேண்டும்?

இக்கேள்விக்கு அதே மிச்சிகனில் விடை தேடியவர் நூலகர் ரேமண்ட் டேவிஸ். 1879-இல் அவர் மாணவர்களுக்கு நூலகப் பயன்பாடு பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தத் தொடங்கினார். 1881-இல் அது பட்டப் படிப்பில் மதிப்புப் பெறும் ஒரு பாடமாகவே ஆனது. ராச்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் ஓடிஸ் ராபின்சன் என்னும் கணிதப் பேராசிரியர் நூலகப் பொறுப்பையும் ஏற்றிருந்தார். அங்கே சனிக்கிழமைக் காலைகளில் ஆசிரியர்கள் நூலகத்துக்கு வந்து மாணவர்களுடன் அமர்ந்து தேடுவது வழக்கமாயிற்று. ஹார்வர்டில் சிப்லிக்குப் பின் வந்த ஜஸ்டின் வின்சர், நூல்கள் வெளியே போய்ப் பயன்படுவதே தமக்குப் பெருமை என்று கருதினார். கல்லூரிகள் நூலகத்தைக் கொடுக்கின்றன, ஆனால் நூல்களுக்கென்று ஒரு பேராசிரியரைக் கொடுப்பதில்லையே என்று எமர்சன் முன்னரே குறைபட்டிருந்தார். அந்தக் குறை தீர்ந்து விட்டது என்றே அக்கால நூலகர்கள் நம்பினார்கள்.

ஆனால் தீரவில்லை. அடுத்த அறுபது ஆண்டுகளில் இத்தகைய சொற்பொழிவுகள் பல கல்லூரிகளுக்குப் பரவின. பல இடங்களில் மங்கியும் போயின. புதிய மாணவர்களை ஆண்டுத் தொடக்கத்தில் கூட்டமாக அழைத்துப் போய், "இது கலைக்களஞ்சியம், இது நூற்பட்டியல், இது இதழ் அறை" என்று காட்டி விட்டு அனுப்புவார்கள். ஆறு மாதம் கழித்துக் கட்டுரை எழுத வேண்டி வரும்போது அதில் ஒன்றும் நினைவிருக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுபோல. 1940-இல் ஹார்வி பிரான்ஸ்காம்ப் என்பவர் அமெரிக்கக் கல்லூரி நூலகங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். நூலகங்கள் வளர்ந்திருக்கின்றன, ஆனால் மாணவர் அவற்றைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது அவர் கண்ட உண்மை. பழியை அவர் மாணவர் மேல் போடவில்லை. நூலகம் இல்லாமலேயே தேறி விடும்படி பாடம் நடத்தினால் மாணவர் அங்கே ஏன் போவார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் 'நோட்ஸ்' கட்டுரைக்கும் அன்று மதிப்பெண் கிடைக்கத்தான் செய்தது.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்களுள் நான் மிகவும் மதிப்பவர் பாட்ரிசியா நாப். அவர் முதலில் நாக்ஸ் கல்லூரியில் மாணவர்கள் எந்தப் பாடத்துக்காக எந்த நூலை எடுக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். எடுத்த நூல்களில் பெரும்பகுதி பாடத்துக்காகவே எடுக்கப்பட்டவை. அதுவும் ஒரு சில பாடங்களுக்காக மட்டும். ஆக, நூலகம் பயன்படுவதும் படாததும் அந்தந்த ஆசிரியர் கொடுக்கும் வேலையைப் பொறுத்ததே என்று தெளிவாயிற்று. பிறகு டெட்ராய்ட் நகரின் வேய்ன் மாநிலப் பல்கலைக் கழகத்தில், அப்போதுதான் தொடங்கியிருந்த மான்டித் கல்லூரியில், 1960 முதல் 1962 வரை ஒரு சோதனை நடத்தினார்.

நூலகத்தை அவர் பார்த்த விதம் புதியது. நூல்கள் குவிந்த இடமாக அதைப் பார்க்காமல், பல பாதைகள் பின்னிக் கிடக்கும் ஓர் அமைப்பாகப் பார்த்தார். ஒரு நூலின் அடிக்குறிப்பு மற்றொரு நூலுக்குப் பாதை. கலைக்களஞ்சியக் கட்டுரையின் இறுதியில் உள்ள நூற்பட்டியல் ஒரு பாதை. இதழ்க் கட்டுரைகளின் அகரவரிசை மற்றொன்று. எந்தப் பாதை எந்தத் தேவைக்கு என்று தேர்ந்தெடுப்பதே கற்க வேண்டிய திறமை. இதைத் தனி வகுப்பாக வைக்காமல், ஆசிரியர் நடத்தும் பாடத்துக்குள்ளேயே, அவர் கொடுக்கும் வேலையாகவே பின்னிக் கொடுக்க வேண்டும் என்றார் நாப்.

சோதனை வெற்றி பெற்றதா? முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆசிரியர்களுக்கு நூலகம் ஓர் ஓரத்து விஷயமாகவே இருந்தது. மாணவர் பலர், பாடத்தோடு ஒட்டாத வெற்று வேலை இது என்று முணுமுணுத்தார்கள். 1966-இல் வெளிவந்த அறிக்கையில் நாப் இவற்றையெல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வெற்றிகளை மட்டும் வெளியிடும் வழக்கம் மிகுந்த உலகில் இது அரிய நேர்மை. அவர் தடுக்கிய இடங்களைப் பார்த்துப் பின்வந்தவர்கள் காலை ஊன்றி நடந்தார்கள்.

அப்படி நடந்தவர் இண்டியானா மாநிலத்தில் எர்ல்ஹம் என்னும் சிறிய கல்லூரியின் நூலகர் ஈவன் ஃபார்பர். 1962 முதல் 1994 வரை அவர் அங்கே பணியாற்றினார். அவருடைய முறையை ஒரே வரியில் சொல்லி விடலாம்: மாணவருக்குத் தேவை எழும்போது மட்டும், அந்தத் தேவைக்கு வேண்டியதை மட்டும், பாட ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து கற்பிப்பது. உயிரியல் ஆசிரியர் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்த பிறகே நூலகர் வகுப்புக்குள் வருவார். அப்போது மாணவர் கையில் ஒரு கேள்வி இருக்கும், காதும் திறந்திருக்கும். அறிவியல் நூலகராக இருந்த தாமஸ் கிர்க், சொற்பொழிவோடு செய்து காட்டுவது நல்லதா, மாணவரே வழிகாட்டித் தாளை வைத்துக் கொண்டு பயிற்சி செய்வது நல்லதா என்று உயிரியல் மாணவர்களை இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தார். 1971-இல் வெளியிட்ட முடிவு: இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எந்த முறையில் சொல்கிறோம் என்பதை விட எப்போது, எதற்காகச் சொல்கிறோம் என்பதே முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கக் கதையையே சொல்லிக் கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். நாப் தம் சோதனையைத் தொடங்குவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, சென்னையில் இதே கேள்வியை வேறொரு முனையிலிருந்து பிடித்தவர் ஒருவர் இருந்தார். சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். ராச்செஸ்டரின் ராபின்சனைப் போலவே இவரும் கணித ஆசிரியர். மாநிலக் கல்லூரியில் கற்பித்துக் கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகரானார். சில நாட்களிலேயே அந்தத் தனிமை அவருக்குப் பொறுக்கவில்லை. மாணவர்கள் நிறைந்த வகுப்பறையிலிருந்து வந்தவர் அல்லவா? பழைய வேலைக்கே திரும்பி விட விரும்பினார். இலண்டனுக்குப் போய் நூலகக் கலையைப் பயின்று வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் கணிதத்துக்கே திரும்பலாம் என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள். 1925-இல் திரும்பி வந்தவர் கணிதப் பக்கம் போகவில்லை.

இலண்டன் கடையொன்றில் அவர் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். துளையிட்ட பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு எந்தப் பொம்மையையும் கட்டலாம். அதுபோல, ஒரு பொருளை அதன் உறுப்புகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைத்துக் கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. வேளாண்மை என்பது ஓர் உறுப்பு, நெல் மற்றோர் உறுப்பு, நோய் இன்னோர் உறுப்பு. இணைக்கும் திருகாணியாக அவர் வைத்த குறியே கோலன். 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை இப்படிப் பிறந்தது. பின்னர் அவர் வகுத்த சங்கிலி முறையில், அந்த உறுப்புகள் ஒவ்வொன்றிலிருந்தும் அகரவரிசையில் பதிவு பிறக்கும். 'நோய்' என்று தேடினாலும் 'நெல்' என்று தேடினாலும் வாசகர் உரிய அடுக்கை நோக்கித் திருப்பி விடப்படுவார். இழுப்பறையின் முன் நான் தோற்றுத் திரும்பிய அந்த நாளை நினைக்கும்போதெல்லாம், இம்முறையின் அருமை எனக்கு நன்றாகவே உறைக்கிறது.

அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று வாசகரின் நேரத்தைப் பற்றியது. அதை வீணாக்காமல் காப்பது நூலகத்தின் கடமை என்றார். அடுக்குகளுக்கிடையே வாசகர் தாமே நடந்து நூலை எடுத்துப் பார்க்கும்படி திறந்து வைத்தார். எனினும் பட்டியலும் அடுக்கும் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நோக்குப்பணி பற்றி 1940-இல் அவர் வெளியிட்ட நூலில், புதிதாக வந்தவருக்கு நூலகத்தில் நடக்கக் கற்றுக் கொடுப்பதை நூலகரின் தனிப்பணிகளுள் ஒன்றாகவே வகுத்திருக்கிறார். வகுப்பறையை விட்டு வந்த ஆசிரியர், புத்தக அடுக்குகளுக்கிடையே இன்னொரு வகுப்பறையைக் கண்டு கொண்டார் என்று சொல்லலாம்.

அட்டை இழுப்பறைகள் பெரும்பாலும் மறைந்து விட்டன. 1974-இல் பால் சுர்கோவ்ஸ்கி என்பவர் 'தகவல் எழுத்தறிவு' என்ற தொடரை வழக்கில் கொண்டு வந்தார். நூலகப் பயிற்சி இப்போது அந்தப் பெயரில்தான் பல நாடுகளில் நடக்கிறது. தொல்லையின் முகமும் மாறி விட்டது. அன்று எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று உங்களுக்கு ஒரு நொடியில் பல்லாயிரம் கிடைக்கின்றன. எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று தெரியவில்லை.

தமிழ் வழியில் படித்து வரும் உங்களுக்கு முதல் தடை சொல்தான். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். உவர் மண்ணையே எடுத்துக் கொள்வோம். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்திலோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தின் அறிவியல் களஞ்சியத்திலோ மண் பற்றிய கட்டுரையை முதலில் படியுங்கள். பொருள் தமிழில் விளங்கி விட்டால், எந்தச் சொல் முக்கியம் என்பது புலப்படும். அதற்கான ஆங்கிலச் சொல்லைக் கலைச்சொல் அகராதியில் பாருங்கள். ஒரு சொல்லோடு நிற்காமல் மூன்று நான்கு எழுதிக் கொள்ளுங்கள். அவற்றுள் ஏதேனும் ஒன்றால் ஒரே ஒரு நல்ல நூலைப் பிடித்து விட்டால் போதும். பட்டியலில் அந்த நூலுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு என்ன என்று பாருங்கள். நூலகம் அதை எந்தப் பெயரால் அழைக்கிறது என்பது அங்கே தெரிந்து விடும். அத்தலைப்பில் மற்ற நூல்களும் நிற்கும். அந்நூலின் பின்பக்கத்து நூற்பட்டியல் உங்களைப் பின்னோக்கி, பழைய ஆய்வுகளுக்கு அழைத்துப் போகும். முன்னோக்கிப் போகவும் வழியுண்டு. ஓர் ஆய்வுக் கட்டுரையை அதன் பின் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் பட்டியலை யூஜின் கார்ஃபீல்டு 1960-களில் தொடங்கி வைத்தார். இன்று அவ்வசதி பல கணிப்பொறித் தேடல்களில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன், நூலகரிடம் போய், "உவர் மண் பற்றி நூல் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காமல், "கடலோர வயல் ஏன் உவர் ஆகிறது என்று கட்டுரை எழுத வேண்டும்" என்று முழுக் கேள்வியையும் சொல்லுங்கள்.

எனக்கு அப்படிச் சொல்லத் தெரிந்தது இரண்டாம் ஆண்டின் இறுதியில்தான். வேறு ஏதோ நூலைத் தேடிக் கொண்டிருந்தபோது, நூலக உதவியாளர் ஒருவர், "தம்பி, எதற்காகத் தேடுகிறாய்?" என்று கேட்டார். சொன்னேன். பேச்சோடு பேச்சாகப் பழைய உவர் மண் கதையையும் சொன்னேன். அவர் சிரித்து விட்டு, ஓர் இழுப்பறையை இழுத்து, விரலால் அட்டைகளைத் தள்ளி, ஓர் இடத்தில் நிறுத்தினார். அங்கே நான்கு நூல்கள் பதிவாகியிருந்தன. அடுக்குக்குப் போய் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். திருப்பித் தர வேண்டிய நாளை முத்திரையிடும் சீட்டு, பின்னட்டையில் ஒரு தேதி கூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது.